மூன்று மூலை நட்சத்திரம்

நட்சத்திரத்துக்கு மூலை கிடையாது. ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பொருத்திய தொலைநோக்கியில் அது ஒரு புள்ளி. கூர்ந்து பார்த்தால் புள்ளியைச் சுற்றி ஒன்றிரண்டு மெல்லிய வளையங்கள் தெரியும். 1956 செப்டம்பரில் புதுச்சேரியில் எங்கள் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் அது முக்கோணமாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் எங்கள் பியூன்தான் என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஒன்பது கட்டங்கள் கொண்ட படிவம். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை.

நான் அப்போது அந்தப் பள்ளியின் இயற்பியல் சோதனைக்கூட உதவியாளன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் 'பிரெப்பராத்தேர்' என்றார்கள். 1954 நவம்பரில் அவர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு 'லேப் அசிஸ்டென்ட்' ஆனேன். வேலை மாறவில்லை, படிவங்கள் மட்டும் இரட்டிப்பாயின. பழைய சர்க்காரின் விதிகள் ரத்தாகவில்லை, புது சர்க்காரின் விதிகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. இரண்டையும் முழுக்கப் படித்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருபத்தெட்டு வயதில் பெருமைப்பட எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக நெருக்கமாக வந்தது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதமே ஆகியிருந்த தலைமையாசிரியர், கிடங்கில் ஒரு தொலைநோக்கி பெட்டிக்குள் கிடப்பதைக் கண்டுபிடித்தார். எட்டு அங்குலக் குழிக்கண்ணாடி, ஆள் உயரக் குழாய், பிரான்சில் செய்தது. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுச் செவ்வாயைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். புதிதாக வந்த அதிகாரி எவரும் செய்வதுதான். சிலர் மரம் நடுவார்கள்.

பியூனும் தோட்டக்காரரும் குழாயை மாடிக்குச் சுமந்தார்கள். பியூனுக்கு ஐம்பது வயதிருக்கும். தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கொஞ்ச நாள் மில்லில் இருந்துவிட்டுப் பள்ளிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. நான் பின்னால் வில்லைகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது திருப்பத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். கீழே வகுப்பில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. எனக்கு முன்னால் குழாயின் அடிப்பக்கம் சுவரை மறைத்திருந்ததால் எது எதில் இடித்தது என்று தெரியவில்லை. பியூன் நிற்காமல் ஏறினார்.

மறுநாள் மாலை ஏழரை மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். கடல் பக்கம் செவ்வாய் நன்றாக மேலே வந்திருந்தது. முதலில் பார்த்தவர் ஒரு வக்கீல். வெகுநேரம் பார்த்தார்.

"சமோசா மாதிரி இருக்குதே, சார். அப்படித்தான் இருக்கணுமா?"

தலைமையாசிரியர் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். மூன்று பக்கமும் வழிந்த ஒரு ஆரஞ்சு நிறக் குழம்பு. அந்த வாரங்களில் செவ்வாய் முழுக்கப் புழுதிப் புயல் மூடியிருந்தது, நல்ல கருவியிலும் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது என்று பிற்பாடு படித்தேன். ஆனால் புழுதிக்கும் மூன்று மூலைக்கும் சம்பந்தமில்லை. விருந்தினர்கள் எலுமிச்சை சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள்.

"நேத்து ஒரு சத்தம் கேட்டுதே, அது என்ன?" என்றார் தலைமையாசிரியர்.

"கொண்டு வரும்போது எங்கோ இடிச்சிருக்கு, சார்."

"ரிப்போர்ட் எழுதுங்க."

எழுதினேன். அமைப்பு பிரெஞ்சுக்காரர்களின் 'புரொசே வெர்பால்' என்னும் சம்பவப் பதிவு, மொழி இங்கிலீஷ். 'சுமந்து சென்றவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட அதிர்ச்சியில் கண்ணாடி பழுதடைந்தது.' நல்ல வாக்கியம். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அதுதான் அதன் கோளாறு என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆனது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு காலத்து ஊழியர்களைப் புது சர்க்கார் தன் சேவையில் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் பட்டியல் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியின் பட்டியல் அடுத்த திங்கட்கிழமை மாலை போக வேண்டும். யார் மேலாவது விசாரணை நிலுவையில் இருந்தால் பெயர் சேராது. குற்றம் உறுதியானால் பேச்சே இல்லை, பதினேழு வருஷமும் போய்விடும். ஆகவே பியூனின் விசாரணையைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார்கள். அதுவரை அவர் பள்ளிக்குள் வரக் கூடாது.

கருவியைச் சரிபார்த்துக் கண்ணாடி எந்த அளவுக்குப் பழுது என்று இணைப்பு எழுதும் வேலை எனக்கு. மறுநாள் மாலை இருட்டத் தொடங்கியதும் திருவோண நட்சத்திரத்தைப் பிடித்தேன். இதற்கு ஒரு முறை உண்டு. குவியத்தை வேண்டுமென்றே கலைத்தால் நட்சத்திரம் ஒரு வெளிச்சத் தட்டாக விரியும். குழாயின் மேல்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல் அதன் நடுவில் கறுப்பு ஓட்டையாக விழும். பார்ப்பதற்கு மெதுவடை மாதிரி இருக்கும். ஓட்டை நடுவில் இருந்தால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றன என்று அர்த்தம். எனக்குக் கிடைத்த வடையில் ஓட்டை ஒரு ஓரமாக இருந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மூன்று திருகாணிகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, ஒவ்வொரு தடவையும் நட்சத்திரத்தைத் திரும்பப் பிடித்து, ஒரு மணி நேரத்தில் ஓட்டையை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

வடை வட்டமாகவில்லை. முக்கோணமாகவே இருந்தது.

இடித்தால், ஏன், மாடிக்குச் சுமந்து ஏற்றினாலேகூடக் கண்ணாடி சாயும், ஓட்டை ஓரத்துக்குப் போகும். அதைத்தான் சரிசெய்துவிட்டேனே. பிறகு இந்த மூன்று மூலை எங்கிருந்து வந்தது? முறைப்படி சந்தேகத்துக்குரியவர்களை வரிசையாக நிறுத்தினேன். முதலில் என் கண். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், முக்கோணம் கூடவே சாயவில்லை. கண் நிரபராதி. அடுத்து கண்ணருகே வைக்கும் வில்லை. அதைத் திருகிச் சுற்றினேன், முக்கோணம் அசையவில்லை. மிச்சம் பெரிய கண்ணாடியும் அது உட்கார்ந்திருந்த இரும்புச் சட்டமும்.

குவியத்தைத் திரும்பக் கூட்டியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சின்னக் கண்ணாடியைக் குழாயின் நடுவில் பிடித்து நிறுத்த, கூட்டல் குறி மாதிரி நான்கு மெல்லிய தகடுகள் உண்டு. ஒளியின் பாதையில் நிற்கும் எந்த நேரான பொருளும் தனக்குச் செங்குத்தாக இரண்டு பக்கமும் ஒரு ஒளிக்கீற்றை நீட்டும். கூட்டல் குறிக்கு நான்கு கீற்று. நான் ஆறு எண்ணினேன். மிச்சம் இரண்டும் மங்கலாக, கோணலாக, எந்தத் தகட்டுக்கும் சொந்தமில்லாமல் நீண்டிருந்தன.

டார்ச்சைக் குழாயின் வாய்க்குள் அடித்தேன். சின்னக் கண்ணாடியின் பிடியிலிருந்து குழாயின் சுவர்வரை ஒரு சணல் நூல் இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு நுனியிலும் சிவப்பு அரக்கு. அரக்கின் மேல் பழைய சர்க்காரின் முத்திரை.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். நான் போட்டது.

1954இல் கைமாறும் முன்பு ஒவ்வொரு சாமானையும் பட்டியலிட ஒரு கமிஷன் வந்தது. 'நகரக்கூடிய பாகம் எதுவும் நகராதபடி இறுக்கிக் கட்டி முத்திரையிட வேண்டும்' என்பது விதி. மேசைக்கும் நாற்காலிக்கும் எழுதிய விதிதான். தொலைநோக்கிக்கு விதிவிலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விதிவிலக்கை நான் கொடுப்பேனா? பெரிய கண்ணாடியை விளிம்பில் பிடிக்கும் மூன்று கவ்விகளையும் குறடு போட்டு, கண்ணாடி இம்மியும் அசையாத அளவுக்கு முறுக்கினேன். மூன்றுக்கும் சேர்த்து நூல் சுற்றினேன். கமிஷன் தலைவர் அரக்கு ஊற்றினார், 'த்ரே பியான்', ரொம்ப நல்லது, என்றார். இரண்டு வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது கையிலிருந்த உத்தரவு 'பெட்டியின் முத்திரைகளை' உடைக்க மட்டும் அனுமதித்தது. உள்ளே இருந்தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே தொடவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். மறக்கவில்லை. நூல் இருப்பது தெரியும். நூல்தானே என்று இருந்தேன்.

மூன்று கவ்வி, மூன்று மூலை.  ஆனால் இது இன்னும் நினைப்புத்தான், நிரூபணம் இல்லை. இடித்ததில் கண்ணாடிக்குள்ளேயே ஏதாவது பிசகியிருக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. கண்ணாடியைச் சட்டத்துக்குள் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முக்கோணமும் கூடவே திரும்பினால் பழுது கண்ணாடியில், அதாவது பியூன் மேல். திரும்பாமல் நின்றால் பழுது கவ்வியில், அதாவது என் மேல். கண்ணாடியைத் திருப்ப நூலை அறுக்க வேண்டும். முத்திரையை வைத்தவர்தான் உடைக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியரிடம் போய் அந்த நூலை அறுக்க அனுமதி கேட்டேன்.

"யார் வெச்ச முத்திரை?"

"பழைய சர்க்கார் கமிஷன், சார்."

"அவங்களையே வரச்சொல்லி உடைக்கச் சொல்லுங்க."

"தலைவர் கப்பலேறி ரெண்டு வருஷம் ஆச்சு, சார்."

"அப்ப டிபார்ட்மெண்டுக்கு எழுதுங்க."

"பதில் வர ஒரு மாசம் ஆகும். விசாரணை திங்கட்கிழமை."

அவர் பேனாவை மூடினார். "நூலுக்கும் விசாரணைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"கோளாறு வேற காரணத்தாலயும் இருக்கலாம், சார்."

"இருக்கலாமா? ரிப்போர்ட்ல 'இருக்கலாம்'னு நீங்க எழுதலியே. 'ஏற்பட்டது'ன்னுதானே எழுதியிருக்கீங்க."

வெளியே வந்தேன். அன்று மாலையே மழை மேகம் வானத்தை மூடிக்கொண்டது. இனி நட்சத்திரமும் கிடைக்காது. பகலில் செய்ய வேண்டியதுதான். நட்சத்திரம் இல்லாவிட்டால் நட்சத்திரத்தைச் செய்துகொள்ளலாம். தூரத்தில் ஒரு பளபளப்பான உருண்டையை வைத்தால் அதில் வெயில் ஒரு புள்ளியாக மின்னும். கிறிஸ்துமஸ் குடில் சாமான் பெட்டியில் வெள்ளிக் கண்ணாடி உருண்டை ஒன்று இருந்தது. அதைப் பள்ளியின் மறுகோடிக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டிவிட்டேன். நூறு கஜத் தூரம் இருக்கும். காலையில் தரை சூடேறிக் காற்று அலையாடத் தொடங்கும் முன்பு முடித்துவிட வேண்டும்.

ஆனால் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி மாட்ட ஒரு ஆளால் முடியாது. இரண்டாவது ஆளாக யாரைக் கூப்பிட்டாலும் திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதோடு, வெளியாள் ஒருவர் முன்னிலையில் என் குட்டு உடைய எனக்கு மனமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அங்கே நிற்க உரிமையுள்ளவர் ஒருவர்தான் இருந்தார்.

பியூனின் மனைவி பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காயும் கீரையும் விற்பவர். சனிக்கிழமை நண்பகலில் போய் அவர் கடை முன்னால் கத்திரிக்காய் பொறுக்கக் குனிந்தேன்.

"வாங்க சார், வாங்க. எழுதுற கை காயெல்லாம் பொறுக்குதா?"

"உங்க வீட்டுக்காரர்…"

"பாத்துப் பொறுக்குங்க. சொத்தையா இருந்தா எம் மேல எழுதிப் போட்ருவீங்க." பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "வூட்ல குந்திக்கினு சொவத்தயே பாக்குறாரு. மூணு நாளா சோறு எறங்கல. எரநூறு வருசத்து வெள்ளக்காரன் போயிட்டான், எங்களுக்கு ஒண்ணும் ஆவல. ஒரு கண்ணாடி வந்து எங்க தலையில வுழணுமா?"

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவர ஸ்கூலுக்கு வரச்சொல்லுங்க. பின் கேட் வழியா."

அந்த அம்மாள் தராசைக் கீழே வைத்தார். "எதுக்கு? இன்னும் எதுனா எழுதாம வுட்டுட்டீங்களா?"

"சரியா எழுதினேனான்னு பாக்கத்தான்."

கத்திரிக்காயை என் பையில் கொட்டிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு முன்பே பியூன் சைக்கிளில் வந்துவிட்டார். பித்தளைப் பொத்தான் வைத்த காக்கி உடுப்பு, தோளில் பட்டை.

"உங்களுக்குத்தான் உள்ள வரத் தடையாச்சே. இது எதுக்கு?"

"உடுப்பு இல்லாம உள்ள வந்தா திருடன்னு சொல்லுவாங்க, சார்."

மாடிக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன் என்று இப்போது எழுத ஆசைதான். நூலை அறுக்க வேண்டும், கண்ணாடியைத் திருப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முடிச்சு யார் போட்டது என்று சொல்லவில்லை.

கிழக்கே கடலுக்கு மேல் வெயில் ஏறி, தொட்டி மேலிருந்த உருண்டையில் ஒரு புள்ளி பற்றிக்கொண்டது. தொலைநோக்கியில் பார்த்தேன். குவியத்தைக் கலைத்ததும் அதே முக்கோணம், ஒரு மூலை மேலே, இரண்டு கீழே. தாளில் வரைந்து நேரம் குறித்தேன். குழாயின் அடிப்பக்கத்தைத் திறந்து, சட்டத்தோடு கண்ணாடியை வெளியே எடுத்தோம். அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"பின்பக்கமா பிடிங்க. முன்னால விரல் படக் கூடாது."

"தெரியும், சார். பதினேழு வருசமா சாமான் தூக்குறவன். கீழ போட்டதா நீங்கதான் எழுதினீங்க."

நான் சவர பிளேடைக் கையில் எடுத்தேன். அரக்கின் மேல் அந்த முத்திரை அச்சு அசலாக, கீறல்கூட இல்லாமல் இருந்தது. என் வாழ்க்கையில் அதுவரை ஒரு முத்திரையையும் உத்தரவில்லாமல் தொட்டதில்லை. பிளேடு நூலுக்கு மேலேயே நின்றது.

"இத ஒடைக்கிறது தப்புதானே?" என்றார்.

"தப்புதான்."

"யாரு மேல எழுதுவாங்க?"

"என் மேல."

"அப்ப ஒடைங்க."

அறுத்தேன். கவ்விகளைத் தளர்த்தக் குறடு தேவைப்பட்டது, அவ்வளவு இறுக்கம். இங்கே ஒரு சங்கதி. கவ்விகள் மூன்றும் சம தூரத்தில் இருந்தன. கண்ணாடியை மூன்றில் ஒரு பங்கு சுற்றித் திருப்பினால், முக்கோணம் கண்ணாடியோடு திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மூலை இருந்த இடத்துக்கு இன்னொரு மூலை வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படித் திருப்பிவிட்டு, 'கண்ணாடியைத் திருப்பிச் சோதித்தேன், முடிவு தெளிவாக இல்லை' என்று எழுதலாம். ஒரு எழுத்துகூடப் பொய்யாகாது. இந்த யோசனை தானாகத்தான் வந்தது. எத்தனை விநாடி அது என்னோடு இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் கண்ணாடியை ஏந்தியபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறில் ஒரு பங்கு திருப்பினேன். விளிம்பில் பென்சில் கோடு போட்டேன். கவ்விகளை முன்பு இருந்த அதே இறுக்கத்துக்கு முறுக்கினேன். பழுது கண்ணாடியில் இருந்தால் இப்போது முக்கோணம் தலைகீழாகத் தெரிய வேண்டும்.

உடனே பார்க்க முடியாது. கைச்சூடு பட்ட கண்ணாடி ஆறும்வரை எதைக் காட்டினாலும் நம்பக் கூடாது. அரைமணி நேரம் காத்திருந்தோம். மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. தளத்தில் வெயில் விழத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் காற்று கொதித்துப் புள்ளி ஆடும், எந்த மூலையும் மூலையாக நிற்காது. அவர் பீடியை எடுத்து, என்னைப் பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பிறகு பார்த்தேன். ஒரு மூலை மேலே, இரண்டு கீழே. தாளில் வரைந்திருந்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். கண்ணாடி திரும்பியிருந்தது, முக்கோணம் நின்ற இடத்திலேயே நின்றது.

கவ்விகளைத் தளர்த்தினேன். கவ்விக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தபால் அட்டை தடையில்லாமல் போய் வரும் அளவு போதும். சின்னக் கண்ணாடியிலிருந்த நூலையும் அறுத்து எடுத்தேன். மறுபடி காத்திருப்பு. காற்று அதற்குள் லேசாக அலைய ஆரம்பித்திருந்தது. கண்ணை வைத்தபோது வெளிச்சத் தட்டு நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் வட்டமாக நடுங்கியது. குவியத்தைக் கூட்டினேன். ஒரு புள்ளி, நான்கு கீற்று.

"என்னா சார்?"

"வட்டமா இருக்கு."

"வட்டமா இருந்தா நல்லதா, கெட்டதா?"

"உங்களுக்கு நல்லது."

"உங்களுக்கு?"

நான் திருகாணியைத் துடைத்தேன்.  பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். என் இரண்டாவது அறிக்கையை அவர் இரண்டு தடவை படித்தார்.

"முத்திரையை உடைச்சிருக்கீங்க."

"ஆமாம், சார்."

"கவ்வியை இறுக்கினதும் நீங்களேதானா?"

"ஆமாம், சார்."

பியூன் முதல் தடவையாக என் பக்கம் தலையைத் திருப்பினார். தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இங்கிலீஷில் பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர். 'பழுது நீக்கப்பட்டது, காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் சேதமில்லையே என்றார். எனக்குப் படிவம் தெரியும். காரணம் தெரியவில்லை என்றால் முதல் அறிக்கை கோப்பிலேயே இருக்கும், விசாரணை முடிந்ததாக ஆகாது, பட்டியலில் பியூன் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று விழும். மாலை நான்கு மணிக்குப் பட்டியல் போய்விடும். இதைத் தலைமையாசிரியரிடம் விளக்கினேன். விளக்கி முடித்தபோது எனக்கு இருந்த ஒரே வாசலை நானே சாத்திவிட்டது புரிந்தது.

"சரி, உங்க இஷ்டம்" என்று முடிவை எழுதினார். குற்றச்சாட்டு ரத்து. பியூன் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"படிச்சிக் காட்டுங்க" என்றார் பியூன்.

"உனக்குச் சாதகமாத்தான்யா இருக்கு" என்றார் தலைமையாசிரியர்.

"இருக்கட்டும், சார். மொதல்ல எழுதினதும் சேத்துப் படிக்கச் சொல்லுங்க."

இங்கிலீஷைத் தமிழாக்கிக்கொண்டே படித்தேன். முதல் அறிக்கை. பெயர், பதவி, பொருள், சம்பவம். ஏழாவது கட்டத்துக்கு வந்தேன். அங்கே 'சம்பந்தப்பட்டவரின் விளக்கம்' என்று தலைப்பு. கீழே நான் எழுதியிருந்தது: 'திருப்திகரமான விளக்கம் எதுவும் அளிக்கவில்லை.'

பியூன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எங்கிட்ட யாரு சார் கேட்டா?"

நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் எப்போதும் எழுதும் வாக்கியம் அது. கை தானாக எழுதியது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு கையால கொழாயப் புடிச்சிகினு, இன்னொரு கையில கொழாய சமமா நிறுத்துற எடைக்குண்டு இருந்த சாக்க எடுத்தாந்தேன். அதுதான் படிக்கம்பியில இடிச்சிது. கொழா எங்கயும் படல. இத எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அதான் எல்லாம் ரத்து ஆயிடுச்சேய்யா. பழைய ரிப்போர்ட்டைத் திருத்த முடியாது" என்றார் தலைமையாசிரியர். கடிகாரத்தைப் பார்த்தார். "போடலேன்னா விசாரணை முடியாது. பேர் போகாது. புரியுதா?"

"புரியுது, சார்." கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  பேனாவைத் தொடவில்லை.

"சார்" என்றேன். "திருத்தக் கூடாது. ஆனா ஓரத்துல சேர்க்கலாம். அங்கே இருக்கிற எல்லாரும் சுருக்கொப்பம் போட்டாச் செல்லும். ரெண்டு சர்க்கார் விதியிலயும் இடம் இருக்கு."

"விதி எண் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எழுதித் தொலைங்க" என்றார்.

ஏழாவது கட்டத்தின் ஓரத்தில், இருந்த இரண்டு விரல் இடத்தில், 'விளக்கம் கேட்கப்படவில்லை' என்று ஆரம்பித்து, எடைக்குண்டு, படிக்கம்பி எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதினேன். தமிழில் திரும்ப வாசித்தேன். 'கேக்கல' என்பதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியரும் நானும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டோம். மாலை நான்கு மணிப் பட்டியலில் பதினோராவதாக அவர் பெயர் போனது. என் கோப்பில் 'அனுமதியின்றி முத்திரை அகற்றியது' பற்றி ஒரு தாள் சேர்ந்தது. அடுத்து வந்த இரண்டு பதவி உயர்வுகளின்போதும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

1962இல் நான் வேறு அலுவலகத்துக்கு மாற்றலாகும்வரை நாங்கள் ஒரே கட்டடத்தில் வேலை செய்தோம். வேலை விஷயமாகப் பேசினார், மரியாதையாகவே பேசினார். ஆனால் நான் எழுதிய எந்தக் காகிதத்திலும், முழுக்க வாசித்துக் காட்டாமல், அவர் அதன் பிறகு கையெழுத்துப் போட்டதில்லை. அரை நாள் விடுப்பு விண்ணப்பமாக இருந்தாலும் எதிரே நின்று, "படிங்க" என்பார். நான் தேதியிலிருந்து ஆரம்பித்துப் படிப்பேன்.